சீசனுக்கு முன்னால் கிடைக்கும் ஆறு வாரம்

மலைத்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கோத்தகிரி பக்கம் நாங்கள் சில பேர் சேர்ந்து, யாருக்கும் சம்பளம் இல்லாமல், ஒரு பொதுக் காய்கறித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறோம் என்று போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன: பனி முடிகிற இந்த மாசி, பங்குனியில் இப்படிப்பட்ட தோட்டத்தில் எதை முதலில் செய்வது? அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் 12 சென்ட் நிலம் இருக்கிறது. போன பிப்ரவரியில் முப்பது பேர் திரண்டு வந்து முழு இடத்தையும் கொத்திப் போட்டோம். மே மாதம் வேலைக்கு வந்தது நாலே பேர். தோட்டம் புதராகிவிட்டது. இந்த வருஷம் எங்கிருந்து தொடங்குவது? (ஒரு வாசகி, குன்னூர்)

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் முதல் வருஷம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நம் ஊரில் ஏப்ரல், மே என்றால் சீசன். டாக்ஸி ஓட்டுகிறவர், காட்டேஜ் பார்க்கிறவர், கடை வைத்திருக்கிறவர் யாருக்கும் அந்த இரண்டு மாதத்தில் மூச்சு விட நேரம் கிடைக்காது. மற்றவர்கள் வீட்டில் கீழேயிருந்து வந்த விருந்தாளிகள் இருப்பார்கள். கோடை மழை இறங்குவதும் அதே சமயத்தில்தான், களை முழங்கால் உயரம் வருவதும் அதே சமயத்தில்தான். அதனால் பிப்ரவரியில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்து நிலத்தைத் திறக்காதீர்கள், மே மாதம் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுத் திறங்கள். கூட்டம் போட்டு, "சீசன் நேரத்தில் வாரம் ஒரு மணி நேரம் நிச்சயமாக யார் வருவீங்க?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கை தூக்கியவர்களை எண்ணி, ஒருவருக்கு ஒரு பாத்தி, நாலடி அகலம் பதினைந்தடி நீளம், அவ்வளவுதான். எட்டுப் பேர் என்றால் எட்டுப் பாத்தி. மீதி நிலத்தை மூடி வையுங்கள்: அட்டைப்பெட்டியைப் பிரித்து, டேப்பை உரித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, நனைத்து, மேலே தாகை என்கிற பெரணித் தழையோ காய்ந்த புல்லோ ஒரு சாண் உயரம் போட்டால் போதும். மூடி வைத்த மண் கெடாது, ஆறு மாதம் கழித்துத் திறந்தால் முன்னைவிட நன்றாகவே இருக்கும். கொத்திப் போட்டுக் கவனிக்காமல் விட்ட மண்தான் முதல் கனமழையிலேயே பள்ளத்துக்குப் போய்ச் சேரும்.

அடுத்தது வாய்க்கால். எல்லோருக்கும் விதைக்கத்தான் ஆசை, வாய்க்கால் வெட்ட யாரும் முன்வருவதில்லை. ஆனால் மண் காய்ந்திருக்கும் இப்போதுதான் அந்த வேலை நடக்கும். மேல்பக்கத்து ரோட்டிலிருந்தும் கூரைகளிலிருந்தும் வருகிற தண்ணீர் எந்த வழியாகத் தோட்டத்துக்குள் நுழைகிறது என்று பாருங்கள், போன வருஷம் ஓடிய தடம் இன்னும் தெரியும். அதைத் தோட்டத்தின் தலைமாட்டிலேயே குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, லேசான சரிவில் ஓரத்துக்குத் திருப்பிவிடுங்கள். பாத்திகளும் சரிவுக்குக் குறுக்காகவே இருக்கட்டும். சரிவோடு மேலிருந்து கீழாகப் போட்ட பாத்தி இருந்தால் அதை மாற்றிப் போடுவதுதான் இந்த வருஷத்தின் பெரிய வேலை. தள்ளிப்போடாதீர்கள்.

விதைப்பில் அவசரம் வேண்டாம். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். ஒரு பிப்ரவரி முதல் வாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து வெயில் நன்றாக அடித்ததும் பனி போய்விட்டது என்று நினைத்துக் கீழ்ப் பாத்தியில் பீன்ஸ் ஊன்றினோம். முளைத்து இரண்டு இலை விட்டது. ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை. ஒன்பது மணிக்குள் பீன்ஸ் இலை வெந்நீர் ஊற்றியதுபோலத் துவண்டு, மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டது. பத்தடி மேலே இருந்த பாத்தியில் ஒரு இலைக்குக்கூட ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிதான், பள்ளத்தைத் தேடி இறங்கித் தேங்கும். அதனால் பீன்ஸ், உருளை எல்லாம் மேல் பாத்தியில் முதலில், கீழ் பாத்தியில் மாசி கழிந்த பிறகு. கேரட், பட்டாணி, பூண்டு, கோஸ் இவை கொஞ்சம் பனி தாங்கும். பனியில் கருகிய பழைய செடிகளின் நுனியையும் இப்போதே வெட்டிவிட வேண்டாம், அந்தக் கருகல்தான் உள்ளே இருக்கும் குருத்துக்குப் போர்வை. பங்குனி பிறந்ததும் வெட்டுங்கள்.

முட்டைகோஸ் செடி காலையில் நன்றாக இருக்கிறது, மத்தியானம் வாடித் தொங்குகிறது, சாயங்காலம் மறுபடி நிமிர்கிறது. தண்ணீர் குறையவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் விரல் விரலாக வீங்கியிருக்கிறது. இந்தப் பருவத்துக்கு மறுபடி கோஸ் போடலாமா? (கேத்தி)

போடாதீர்கள். இது கிளப் ரூட் என்கிற வேர்வீக்க நோய். நூற்புழுவால் வரும் வேர்முடிச்சு என்றால் வேரில் சின்னச் சின்ன மணிகள் கோத்ததுபோல இருக்கும். இது அப்படி இல்லை, வேரே நடுவில் பருத்து இரண்டு முனையும் கூம்பிய விரல்களாக மாறிவிடும். முற்றியதை ஒடித்தால் உள்ளே பழுப்பாகி, அழுகிய கோஸ் வாடை வரும். வீங்கிய வேர் தண்ணீரை ஏற்ற முடியாமல்தான் வெயில் ஏறும்போது செடி வாடுகிறது.

இந்த நோயின் வித்து மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதற்கு மிகவும் பிடித்தது ஈரமான, புளித்த மண். நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு மண்தான், கார அமில நிலை 5-க்குப் பக்கத்தில் இருப்பது இங்கே சர்வ சாதாரணம். அதனால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், உரமோ சுண்ணாம்போ போடுவதற்கு முன்னால். பத்துப் பதினைந்து இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டில் ஒரு விரற்கடை கனத்துக்கு மண்ணைச் செதுக்கி வாளியில் சேருங்கள். கட்டியை உடைத்து, நிழலில் உலர்த்தி, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மீதியை மறுபடி கலந்து மறுபடி பிரித்து, அரைக் கிலோ வரும்வரை குறையுங்கள். துணிப்பையில் போட்டு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால், எவ்வளவு சுண்ணாம்பு என்று எழுதியே தருவார்கள்.

டோலமைட் அல்லது விவசாயச் சுண்ணாம்பை நடவுக்கு மூன்று வாரம் முன்னால் போட்டுக் கொத்தி, தண்ணீர் காட்டுங்கள், காய்ந்த மண்ணில் அது வேலை செய்யாது. அதே நாளில் தொழுவுரம் போடக்கூடாது, உரத்திலுள்ள தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டுக்கும் இடையில் சில வாரம் விடுங்கள்.

சுண்ணாம்பு போட்டாலும் அந்தப் பாத்தியில் ஐந்தாறு வருஷத்துக்குக் கோஸ், காலிபிளவர், நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, கடுகு எதுவும் வேண்டாம். எல்லாம் ஒரே குடும்பம். கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியை இழுக்க 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு போடச் சொல்வார்கள், நல்ல யோசனைதான், ஆனால் நோய் உள்ள பாத்தியில் அந்தக் கடுகே நோயை வளர்க்கும். கேரட், பீட்ரூட், பீன்ஸ், பூண்டு என்று மாற்றுங்கள். வீங்கிய வேர்களைக் கம்போஸ்ட் குழியில் போடாதீர்கள், காயவைத்து எரித்துவிடுங்கள். மார்க்கெட்டிலிருந்து இலவசமாகக் கிடைக்கிற கோஸ் கழிவையும் நான் இப்போது வாங்குவதில்லை. நாற்றை வெளியில் வாங்காமல், குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பி நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பொதுத் தோட்டத்துக்கு மட்டும் உள்ள ஆபத்து. நம் தோட்டத்தில் பல பேருடைய செருப்பும் பூட்ஸும் நடக்கின்றன, அதில் பாதிப் பேர் தங்கள் சொந்தத் தோட்டத்திலிருந்து நேராக வருகிறவர்கள். வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் வையுங்கள், மண்வெட்டி, களைக்கொத்து, பூட்ஸ் எல்லாம் அங்கே கழுவிவிட்டு உள்ளே வரட்டும். இதை விடாப்பிடியாகச் சொல்ல ஒருவர் வேண்டும். எங்கள் தோட்டத்தில் அது நான்தான்.

மார்க்கெட்டில் வாங்கிய உருளையே முளை விட்டிருக்கிறது. அதை ஊன்றலாமா? (ஊட்டி)

வேண்டாம். உருளையைத் தாக்கும் தங்க நூற்புழு இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே நம் நீலகிரியில்தான், 1961-ல். பூக்கும் சமயத்தில் செடியை மெதுவாகப் பெயர்த்துப் பார்த்தால், மெல்லிய வேர்களில் குண்டூசித் தலை அளவில் மஞ்சளாக மினுங்கும் உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கூடு, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. உருளை போடாமல் விட்டாலும் அந்த முட்டைகள் மண்ணில் பத்துப் பதினைந்து வருஷம் காத்துக் கிடக்கும். பக்கத்தில் உருளை வேர் வந்ததும் அதன் கசிவை உணர்ந்து பொரிக்கும். கிழங்கில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணில்கூட அந்தக் கூடு வந்துவிடலாம் என்பதால்தான் மார்க்கெட் கிழங்கு வேண்டாம் என்கிறேன்.

ஊட்டிக்காரர்களுக்கு முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே கேட்டு, குஃப்ரி ஸ்வர்ணா போன்ற நூற்புழுவைத் தாங்கும் ரகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வாங்குங்கள். 40, 50 கிராம் எடையுள்ள முழுக் கிழங்கு, தடித்த குட்டை முளையோடு இருந்தால் நல்லது. உருளைப் பாத்திக்கு நடவுக்கு முன்னால் சுண்ணாம்பு போடாதீர்கள், தோல் சொறி வரும். ஒரு முறை உருளை எடுத்த பாத்தியில் மூன்று நாலு வருஷத்துக்கு உருளை, தக்காளி, கத்தரி வேண்டாம். முன்பு சொன்ன கோஸ் கணக்கும் இதோடு சேர்வதால், எந்தப் பாத்தியில் எந்த வருஷம் என்ன போட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தே ஆக வேண்டும். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் தோட்டத்தில் அந்த நோட்டைத் தொலைத்தால் எல்லாம் முதலிலிருந்து.

புளியாரைக் களை! எத்தனை முறை கொத்தினாலும் இரண்டு மடங்காக வருகிறது. (கோத்தகிரி)

கொத்துவதால்தான் வருகிறது. ஒரு செடியை நிதானமாக, ஒரு கைப்பிடி மண்ணோடு பெயர்த்து உள்ளங்கையில் வைத்து உதிர்த்துப் பாருங்கள். நடுவில் சின்ன வெங்காயத்தைவிடச் சிறிய பழுப்புக் கிழங்கு ஒன்று இருக்கும், அதன் கழுத்தைச் சுற்றி வெள்ளை இழைகளின் நுனியில் கடுகும் மிளகுமாகக் குட்டிக் கிழங்குகள் தொங்கும். விரல் பட்டாலே உதிரும். களைக்கொத்தால் ஒரு வெட்டு வெட்டினால் அத்தனையும் மண்ணில் சிதறி, ஒவ்வொன்றும் தனிச் செடியாகிறது.

இப்போது குட்டிகள் முற்றுவதற்கு முன்னால், இலை விட்டதுமே பிடியுங்கள். மண் லேசாக ஈரமாக இருக்கும்போது உருளை தோண்டும் ஃபோர்க்கை ஒரு சாண் ஆழம் இறக்கி, அப்படியே தூக்கி, கையால் பொறுக்கி வாளியில் போடுங்கள். கம்போஸ்ட்டில் போடவே கூடாது. தகரத்தின்மேல் பரப்பி வெயிலில் சருகாக்குங்கள், அல்லது டிரம்மில் தண்ணீரில் இரண்டு மாதம் ஊறப்போடுங்கள். ஒரு வருஷத்தில் தீராது. எங்கள் தோட்டத்தில் ஒரு பாட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரே பாத்தியை மூன்று பங்குனி தொடர்ந்து பொறுக்கினார், நாலாவது வருஷம் அதில் கேரட் போட்டோம். முழுத் தோட்டத்தையும் ஒரேயடியாகச் சுத்தம் பண்ண நினைக்காமல் அவரைப் போல ஒரு பாத்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வரும் கிக்கியு புல்லுக்கு மட்டும் வேலி ஓரமாக ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, மாதம் ஒரு முறை அதில் நீட்டிய வேரை வெட்டிவிட்டால் அடங்கும்.

காட்டுமாடு இரவில் வேலியை மிதித்துவிட்டு வந்து பீன்ஸ், சௌசௌ கொடி எல்லாவற்றையும் மேய்ந்துவிடுகிறது. கரன்ட் வேலி போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். (கொடைக்கானல்)

வீட்டு லைனிலிருந்து நேரடியாகக் கரன்ட் கொடுக்கிற பேச்சே வேண்டாம். அது மாட்டையும் கொல்லும், விடியற்காலையில் பூப்பறிக்க வருகிற மனுஷியையும் கொல்லும், சட்டப்படி குற்றம். சோலார் வேலி என்றால் விட்டுவிட்டு ஒரு கணம் அதிர்ச்சி மட்டும் தரும், உயிருக்கு ஆபத்து இல்லாதது. ஆனால் 2023-ல் தமிழ்நாட்டில் மின்வேலிக்கென்றே விதிகள் வந்துவிட்டன, காப்புக்காட்டை ஒட்டிய இடங்களில் அதையும் வனத்துறையில் பதிவு செய்துதான் போட வேண்டும். கொடைக்கானலில் காடு எங்கேயும் பக்கம்தான், ரேஞ்ச் ஆபீஸில் முதலில் கேட்டுவிடுங்கள். வேலிக் கம்பியில் புல் உரசினால் சக்தி போய்விடும் என்பதால், சீசனில் ஆள் இல்லாமல் புல் வளர்ந்த நாளிலிருந்து அது வெறும் கம்பி. இதை வாங்குவதற்கு முன்னாலேயே யோசியுங்கள்.

காட்டுமாட்டின் பாதையை மறிக்காமல் இருப்பதுதான் நான் கண்டவரை பலன் தந்தது. அது தினமும் ஒரே தடத்தில் போகும். அந்தத் தடத்தின் குறுக்கே வேலி போட்டால் உடைக்கும், நாலைந்து அடி ஒதுக்கி வழிவிட்டால் பல நாள் போய்க்கொண்டே இருக்கும். தடத்தை ஒட்டிய பாத்தியில் பூண்டு, வெங்காயம் போடுங்கள், கொடி வகையை வீட்டுச் சுவர்ப் பக்கம் கொண்டுபோங்கள். உங்கள் பக்கம் பூண்டுக்குச் சொல்லவே வேண்டாம், கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. விடியற்காலையில் தோட்டத்துக்குள் மாடு நின்றால் யாரும் தனியாக விரட்டப் போகக்கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். கோஸ் போனால் போகட்டும்.

அலமாரியில் மூன்று வருஷத்து விதைகள் கிடக்கின்றன. போடலாமா? (வில்பட்டி)

இருபது விதையை எடுத்து ஈரத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டி, சமையலறையில் கதகதப்பான இடத்தில் பத்து நாள் வையுங்கள், கேரட் என்றால் இரண்டு வாரம். பதினைந்து முளைத்தால் தாராளமாகப் போடலாம். பத்து என்றால் இரண்டு மடங்கு தூவுங்கள். அதற்கும் கீழே என்றால் குப்பைக்கு. வெங்காய விதை ஒரு வருஷத்திலேயே சோர்ந்துவிடும், கோஸ் குடும்பம் நாலு வருஷம்கூடத் தாங்கும்.

கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை நிறையக் கிடைக்கிறது, மூடாக்குப் போடலாமா? (குன்னூர்)

நடைபாதைக்குப் போடுங்கள், பாத்திக்கு வேண்டாம். அதன் சாறு விதை முளைப்பதைத் தடுக்கும்.

ஏப்ரலில் எங்கள் ஊற்று வற்றிவிடுகிறது. (பண்ணைக்காடு)

கருவிகள் வைக்கிற கொட்டகையின் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் பிடிக்க இப்போதே ஒரு தகரப் பீலி மாட்டி, அடியில் சின்டெக்ஸ் டேங்க் வையுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இருபதுக்குப் பதினைந்தடி கூரை என்றால் கிட்டத்தட்ட 28 சதுர மீட்டர், 25 மில்லிமீட்டர் பெய்கிற ஒரே ஒரு கோடை மழையில் 700 லிட்டர். கொஞ்சம் வீணானாலும் 500 லிட்டர் நிற்கும். அதுவரை இருக்கிற தண்ணீரைத் தினமும் தெளிக்காமல் மூன்று நாளைக்கு ஒரு தடவை வேர்வரை இறங்கும்படி காலையில் ஊற்றி, மூடாக்குப் போட்டு வையுங்கள். டேங்க் வாயில் கொசுவலை கட்ட மறக்காதீர்கள்.

வேலைக்கே வராதவர்கள் அறுவடை அன்று பையோடு வந்து நிற்கிறார்கள். கேட்டால் மனஸ்தாபம். என்ன செய்வது? (வெலிங்டன்)

பயிர் வளர்ந்த பிறகு இதைப் பேசினால் சண்டையில்தான் முடியும். அதனால் விதை போடுவதற்கு முன்னால், இந்த மாசியிலேயே பேசி எழுதிவிடுங்கள். எங்கள் தோட்டத்தில் இதனால் இரண்டு குடும்பம் விலகிப் போனது. அதில் ஒருவர் நல்ல உழைப்பாளி, இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. கொட்டகைக் கதவில் ஒரு பலகை, வந்தவர் பெயருக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு. அறுவடையில் முதல் கூடை பக்கத்து அங்கன்வாடிக்கு. மீதியை நிறுத்து, அந்த மாதத்துக் கோடுகளின் கணக்கில் பிரிப்போம். உடம்பு முடியாதவர்கள், வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் வீட்டிலிருந்தே செய்கிற வேலைக்கும் கோடு உண்டு: விதை பொறுக்குவது, குழித்தட்டுக்குத் தண்ணீர் விடுவது, பாத்தி நோட்டு எழுதுவது. சீசனில் வர முடியாத டாக்ஸி அண்ணன்மார் இப்போதே வாய்க்கால் வேலைக்கு இரண்டு ஞாயிறு வந்துவிட்டால், மே மாதத்துக்கும் சேர்த்து அவர்களுக்குக் கோடு போட்டுவிடுகிறோம். போன ஞாயிறு ஐந்து பேர் வந்தார்கள், தலைமாட்டு வாய்க்கால் முக்கால்வாசி முடிந்தது. இந்த ஞாயிறு மீதியையும் வெட்டிவிட்டு டோலமைட் போடுகிறோம்.